ஆற்காட்டு ரூபாய் முதல் பிட்காயின் வரை



சென்ற பொதுக்குழுக் கூட்டத்துக்கு வந்திருந்தவர்களுக்கு நினைவிருக்கும். லிஃப்ட் பராமரிப்பு, மோட்டார் காயில் எரிந்தது எல்லாம் பேசி முடித்து, காப்பி வரும் நேரத்தில் மூன்றாம் தளத்துத் தம்பி ஒருவர் எழுந்தார். சங்கத்தின் காப்பு நிதி 14 லட்சமும் வங்கியில் ஃபிக்சட் டெபாசிட்டாகத் தூங்குகிறது, அதில் ஒரு இரண்டு லட்சத்தையாவது பிட்காயினில் போட்டு வைக்கலாமே என்றார். "உலகத்துலயே கிரிப்டோ அதிகமா புழங்குற நாடு நம்ம நாடுதான் அங்கிள். மூணு வருஷமா நாமதான் ஃபர்ஸ்ட்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். வங்கியில் கிளார்க்காக 38 வருஷம் உட்கார்ந்தவன் என்பதால் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்கு உடனே பதில் வரவில்லை. படித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். "அப்படியே நம்ம இதழுக்கு எழுதிக் குடுத்துடுங்க சார்" என்று செயலாளர் பிடித்துக்கொண்டார்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தம்பி சொன்னது பொய்யில்லை. செயினாலிசிஸ் என்ற அமெரிக்க நிறுவனம் ஆண்டுதோறும் ஒரு பட்டியல் வெளியிடுகிறது. எந்த நாட்டில் கிரிப்டோ எவ்வளவு பரவியிருக்கிறது என்று கணக்கிட்டு வரிசைப்படுத்தும் பட்டியல். அதில் 2023, 2024, 2025 மூன்று ஆண்டுகளிலும் இந்தியாதான் முதலிடம்.

அப்படியானால் நம் கெடார் கடைத்தெருவில் அது கண்ணில் பட வேண்டுமே என்று தோன்றியது. அடுத்த நாள் காலை தம்பியையும் அழைத்துக்கொண்டு, பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்து டீக்கடைக்குப் போனேன். டீ குடித்துவிட்டுத் தம்பியே கேட்டார்: "அண்ணே, பிட்காயின் குடுத்தா வாங்கிக்குவீங்களா?" கடைக்காரர் சிரிக்கவில்லை. நியாயமாகவே யோசித்தார். "அத நான் பால்காரருக்குக் குடுத்தா அவரு வாங்கிக்குவாரா தம்பி?" என்றார். அதற்குள் யாரோ பணம் அனுப்ப, மேலே மாட்டியிருந்த ஸ்பீக்கர் பெட்டி இருபது ரூபாய் வந்ததாக அறிவித்தது.

எனக்குத் தெரிந்து பணத்தைப் பற்றிய மொத்தப் பாடமும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. பி.காம். படிக்கும்போது பணத்தின் பணிகள் நான்கு என்று மனப்பாடம் செய்தோம். கடைக்காரர் ஒரே வரியில் முடித்துவிட்டார். நான் வாங்கினால் அடுத்தவன் என்னிடம் வாங்குவானா? அவன் வாங்குவான் என்று நான் எதை வைத்து நம்புவது? இந்த நம்பிக்கை நம் பக்கத்தில் எப்படி எப்படி வந்தது என்று கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம். பிட்காயினுக்குப் பிறகு வருகிறேன்.

நாம் இருப்பது பழைய தென்னாற்காடு. விழுப்புரம் தனி மாவட்டம் ஆனது 1993-இல்தான். ஆற்காடு என்ற பெயரே ஒரு காலத்தில் ஒரு நாணயத்தின் பெயர். ஆற்காட்டு நவாபின் நாணயச்சாலையில், டில்லி முகலாயப் பேரரசர் பெயரில் அடித்த வெள்ளி ரூபாய்க்கு ஆற்காட்டு ரூபாய் என்று பெயர். புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சுக்காரர்களிடம் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்த வெள்ளி நிறைய இருந்தது. ஆனால் வெறும் வெள்ளிக்கட்டியைக் கொடுத்தால் நெசவாளியும் விவசாயியும் வாங்குவார்களா? அதனால் கவர்னர் துய்மா 1736-இல் நவாப் தோஸ்த் அலி கானிடம் அனுமதி பெற்றார். என்ன அனுமதி என்று கவனியுங்கள். பிரெஞ்சு அரசர் முகம் போட்ட காசு அடிக்க அல்ல. ஆற்காட்டு ரூபாயையே புதுச்சேரியில் அடிக்க. அதே பாரசீக எழுத்து, அதே முகலாயர் பெயர். புதுச்சேரி அச்சு என்று அடையாளம் காட்ட ஒரு சின்னப் பிறைக் குறி மட்டும் அதிகம். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு தொடங்குவதும் இதே 1736-இல்தான்.

பீரங்கியும் கப்பலும் வைத்திருந்தவர்கள் ஏன் அடுத்தவர் முத்திரைக்குப் போய் நின்றார்கள்? நிலவரி வாங்குபவன் நவாப். அவன் கஜானா தன் முத்திரை போட்ட ரூபாயைத் தள்ளாது. கஜானா தள்ளாததைக் கணக்குப்பிள்ளை தள்ள மாட்டார், கணக்குப்பிள்ளை தள்ளாததை மிராசுதார் தள்ள மாட்டார், அப்படியே அது கீழே இறங்கிக் கூலிக்காரன் மடி வரை வரும். வெள்ளியின் எடை ஒரு பக்கம் உண்மைதான். ஆனால் முத்திரைக்குப் பின்னால் வாங்கியே தீர வேண்டிய ஓர் ஆள் இருந்தான்.

அந்தக் காலம் சுகமான காலம் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரே சந்தையில் வராகன், பணம், காசு, பல ஊர் ரூபாய் என்று எல்லாம் கலந்து புழங்கின. சென்னையில் கம்பெனிக் கணக்குப்படி 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். தேய்ந்த காசுக்கும் வேற்றூர்க் காசுக்கும் சராப்புக்காரர் வட்டம் பிடிப்பார். தராசில் நிறுத்து, கல்லில் உரசி, இவ்வளவு குறையும் என்று அவர் சொன்னதுதான் விலை. இன்றைக்குக் கிரிப்டோ சந்தைச் செயலிகளில் ஒரு நாணயத்தை இன்னொன்றாக மாற்றினால் கமிஷன் பிடிக்கிறார்களே, அது புதிதல்ல, சராப்புக் கடைதான். சென்னை மாகாணத்தில் 1818-இல்தான் ரூபாயைப் பொது அளவாக்கி, மூன்றரை ரூபாய்க்கு ஒரு வராகன் என்று வைத்தார்கள். கம்பெனி ஆண்ட பகுதி முழுவதற்கும் ஒரே ரூபாய் என்பது 1835-இல் வந்தது.

அடுத்து காகிதம். இதுதான் நம் விஷயத்துக்கு மிக நெருக்கமானது. ஏனென்றால் வெள்ளியையாவது உருக்கி மெட்டி செய்யலாம், காகிதத்தை என்ன செய்வது? அரசாங்கம் 1861-இல் சட்டம் போட்டது. அதற்கு முன் பாங்க் ஆஃப் மெட்ராஸ் போன்ற வங்கிகள் தாங்களே நோட்டு அடித்துக்கொண்டிருந்தன. அந்த உரிமையை எடுத்துவிட்டு, அரசே நோட்டு வெளியிட்டது. மிகச் சிறிய நோட்டே பத்து ரூபாய். அன்றைக்குப் பத்து ரூபாய் என்பது சாதாரணக் குடும்பம் கையில் பார்க்காத தொகை.

நாடு வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. சென்னை வட்டார நோட்டு சென்னை வட்டாரத்தில்தான் சட்டப்படி செல்லும். கல்கத்தா நோட்டை இங்கே கொண்டுவந்தால் கடைக்காரர் வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. இந்த வேலியை எடுக்க எவ்வளவு காலம் ஆனது தெரியுமா? ஐந்து ரூபாய் நோட்டு பர்மா தவிர எல்லா இடத்திலும் செல்லும் என்று ஆனது 1903-இல். பத்தும் ஐம்பதும் 1910-இல். நூறு ரூபாய் 1911-இல். அரசாங்கத்தின் பணம், அரசாங்கத்தின் சட்டம், அரசாங்கத்தின் கஜானா, அப்படியும் ஐம்பது வருஷம்.

அப்போதும் ஜனங்களுக்கு மனதுக்குள் ஒரு கணக்கு இருந்தது. நோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தால் வெள்ளி கிடைக்கும் என்பதுதான் அது. முதல் உலகப் போரில் அந்தக் கணக்கு ஆட்டம் கண்டது. வெள்ளி தட்டுப்பாட்டால் 1917 நவம்பர் 30 அன்று ஒரு ரூபாய் நோட்டு வந்தது. சிறிது நாளில் இரண்டரை ரூபாய் நோட்டு என்று ஒன்றும் வந்தது. இப்போது நாணயம் சேகரிப்பவர்கள் அதைத் தேடி அலைகிறார்கள். 1918-இல் போர்ச் செய்தி மோசமானபோது நோட்டை வெள்ளியாக மாற்றக் கூட்டம் கூடி, அரசின் வெள்ளி இருப்பு அடிமட்டத்துக்குப் போனது. அமெரிக்க நாடாளுமன்றம் பிட்மன் சட்டம் என்று ஒன்று போட்டு, தன் கருவூலத்து வெள்ளி டாலர்களை உருக்கி 20 கோடி அவுன்ஸ் வெள்ளியை இந்தியாவுக்காக விற்றது. கப்பலில் வெள்ளி வருகிறது என்ற பிறகுதான் நெரிசல் தணிந்தது.

என் தாத்தா மல்லாட்டை மூட்டையை மாட்டுவண்டியில் ஏற்றிப் புதுச்சேரிக்குப் போவாராம். (மணிலா, மல்லாட்டை, வேர்க்கடலை, பெயர் எதுவானாலும் நம் பக்கத்துக் கடலை புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சுக்கு எண்ணெய் ஆட்டப் போனது சரித்திரம்.) அங்கே பாங்க் தெ லிந்தோஷின் என்ற பிரெஞ்சு வங்கி தனியாக ரூபாய் நோட்டு வெளியிட்டு வந்தது. தாத்தா அதை வாங்க மாட்டாராம். "நோட்டு நல்ல நோட்டுதான்டா. ஆனா எல்லையத் தாண்டி வளவனூர் சந்தைக்கு வந்தா வெறுங்காயிதம்" என்பாராம். அப்பா சொல்லிக் கேட்டது. 1954 நவம்பர் 1-இல் புதுச்சேரி நம்மோடு வந்த பிறகு அந்த நோட்டின் கதையே முடிந்தது. நல்ல வங்கி, நல்ல அச்சு. ஆனால் அதை வாங்கியே தீர வேண்டிய ஆட்சி போனதும் அதுவும் கூடவே போய்விட்டது.

பணத்தை வைத்திருப்பவன் கைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் நம் மாகாணத்தில் பெரிய பாடம் இருக்கிறது. 1906 அக்டோபர் 22 அன்று சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி கதவைச் சாத்தியது. வெள்ளைக்காரர் நடத்திய மிகப் பெரிய வர்த்தக நிறுவனம், வங்கித் தொழிலும் செய்தது. பென்ஷன்காரர்கள், விதவைகள், கோயில் பணம் என்று ஆயிரக்கணக்கான பேருடைய சேமிப்பு போனது. அதன் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் சிறைக்குப் போனார் என்பது உண்மை. ஆனால் போட்டவர்களுக்கு முழுப்பணம் வரவில்லை. அந்தக் கோபத்தில் வி. கிருஷ்ணசாமி ஐயர் போன்றவர்கள் கூடி 1907-இல் தொடங்கியதுதான் இந்தியன் வங்கி. அதற்குப் பிறகும் வங்கிகள் விழாமல் இல்லை. 1960-இல் கேரளத்தில் பாலாய் சென்ட்ரல் வங்கி விழுந்தது. அதன் பிறகே 1962-இல் வைப்புத்தொகைக் காப்பீடு வந்தது. அப்போது ஒருவருக்கு 1,500 ரூபாய். 2020 பிப்ரவரி முதல் 5 லட்சம். இந்த 5 லட்சத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

இப்போது பிட்காயின். 2008 அக்டோபர் 31 அன்று சத்தோஷி நாகமோட்டோ என்ற பெயரில் யாரோ ஒருவர் அல்லது ஒரு குழு, ஒன்பது பக்கக் கட்டுரை ஒன்றை வெளியிட்டார். 2009 ஜனவரி 3-இல் அது இயங்கத் தொடங்கியது. எனக்குப் புரிந்த மட்டில் சொல்கிறேன். நாங்கள் வேலைக்குச் சேர்ந்தபோது ஒரு கிளையின் கணக்கு அந்தக் கிளையின் பேரேட்டில் மட்டும் இருந்தது. பேரேடு அதிகாரி பீரோவில், சாவி அவர் இடுப்பில். பிட்காயினில் பேரேடு ஒன்றுதான், ஆனால் அதன் நகல் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான கணினிகளில் இருக்கிறது. ஏறக்குறைய பத்து நிமிஷத்துக்கு ஒரு பக்கம் எழுதி, முந்தைய பக்கத்தோடு சேர்த்து முத்திரை வைக்கிறார்கள். பழைய பக்கத்தில் ஒரு எண்ணைத் திருத்தினால் அடுத்த எல்லாப் பக்கத்தின் முத்திரையும் உடைந்துவிடும். மேனேஜர் கிடையாது, ஆடிட்டர் கிடையாது. மொத்தம் 2 கோடியே 10 லட்சம் நாணயத்துக்கு மேல் வராது என்று விதியிலேயே எழுதிவிட்டார்கள். ஒரு கிளார்க்காக எனக்கு இதில் மரியாதை உண்டு. இரவு எட்டு மணி வரை ஒரு ரூபாய் பதினைந்து காசு வித்தியாசத்தைத் தேடி, டே-புக்கைப் புரட்டியவன் நான். தப்பவே தப்பாத பேரேடு என்றால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும்.

ஆனால் பேரேடு வேறு, பணம் வேறு. பிட்காயின் வைத்து முதன்முதலில் பொருள் வாங்கிய நாள் என்று 2010 மே 22-ஐக் கொண்டாடுகிறார்கள். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஒரு மென்பொருள்காரர் 10,000 பிட்காயின் கொடுத்து இரண்டு பீட்சா வாங்கினார். அந்தப் பத்தாயிரம் இன்றைக்கு எத்தனை ஆயிரம் கோடி என்பதைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். நடந்தது வேறு. பீட்சா கடை பிட்காயினை வாங்கவில்லை. இன்னொரு பையன் பிட்காயினை வாங்கிக்கொண்டு, தன் கையிலிருந்து டாலரில் கடைக்குப் பணம் கட்டினான். முதல் நாளே நம் டீக்கடைக்காரர் கேட்ட கேள்விதான் அங்கேயும் நின்றது.

ஒரு நாடு முழுக்க அதை ஓட்டிப் பார்த்ததும் உண்டு. மத்திய அமெரிக்காவில் எல் சால்வடோர். 2021 செப்டம்பர் 7 முதல் அங்கே பிட்காயின் சட்டப்படி செல்லும் பணம். கடைக்காரர் வாங்கியாக வேண்டும் என்றார்கள். அரசின் செயலியை இறக்கினால் ஆளுக்கு 30 டாலர் இலவசம். ஜனங்கள் இறக்கினார்கள், 30 டாலரைச் செலவழித்தார்கள், பெரும்பாலோர் செயலியை மறந்தார்கள். வெளிநாட்டிலிருந்து வீட்டுக்கு வரும் பணத்தில் நூற்றுக்கு ஒன்றிரண்டுதான் அந்த வழியில் வந்தது. கடைசியில் பன்னாட்டு நிதியத்திடம் 140 கோடி டாலர் கடன் வாங்கும்போது, 2025 ஜனவரியில் கட்டாயத்தை நீக்கிச் சட்டத்தை மாற்றினார்கள். நவாபின் முத்திரை இருந்தது, ஆனால் கடைத்தெரு ஏற்கவில்லை. அங்கே ஏற்கெனவே அமெரிக்க டாலர்தான் பணம், அதை விட்டு மாற ஒரு காரணமும் ஜனங்களுக்கு இல்லை. தங்கள் நாட்டுப் பணம் மாதாமாதம் கரையும் அர்ஜென்டினா, வெனிசுவேலா போன்ற இடங்களில், டாலர் மதிப்போடு கட்டிய கிரிப்டோவைச் சாதாரண ஜனங்களே வைத்துக்கொள்கிறார்கள். அங்கே அது தேவைக்குப் புழங்குகிறது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நம் நாட்டுக் கதை கோர்ட்டும் வரியுமாகப் போயிற்று. ரிசர்வ் வங்கி 2013 டிசம்பரில் முதல் எச்சரிக்கை விட்டது. 2018 ஏப்ரல் 6-இல், கிரிப்டோ வியாபாரம் செய்பவர்களுக்கு வங்கிகள் சேவை தரக் கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பியது. 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. நீண்ட அந்தத் தீர்ப்பை எழுதியவர், நம் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன நீதிபதி வி. ராமசுப்பிரமணியன். ரிசர்வ் வங்கிக்கு அதிகாரம் இல்லை என்று அவர் சொல்லவில்லை. கிரிப்டோ வியாபாரத்தால் வங்கிகளுக்கு ஏற்பட்ட கேடு எதையும் காட்டாமல் இவ்வளவு கடுமை கூடாது என்றார்.

அதன் பிறகுதான் நம் ஊர்ப் பிள்ளைகள் கைபேசியில் இது வெள்ளமாக வந்தது. 2022 பட்ஜெட்டில் லாபத்துக்கு 30 சதவீத வரி, விற்கும்போது தொகையில் 1 சதவீதம் டி.டி.எஸ். நஷ்டம் வந்தால் வேறு வருமானத்தில் கழிக்க முடியாது. வரி போட்டதாலேயே அரசு அங்கீகரித்துவிட்டது என்று அன்று பலர் குதித்தார்கள். அரசு இதன் லாபத்துக்கு வரி கேட்கிறது, ஆனால் அந்த வரியைப் பிட்காயினில் கட்டினால் வாங்காது. நவாபும் கஜானாவும் இருந்த இடத்தில் இதற்கு யாரும் இல்லை.

இந்த வெள்ளத்தில் நானும் காலை நனைத்தேன், மறைக்கவில்லை. 2021 நவம்பரில் என் தங்கை மகன் சொல்லி, அவன் உதவியோடு 10,000 ரூபாய்க்குப் பிட்காயின் வாங்கினேன். வீட்டில் சொல்லவில்லை. ஒரு வருஷத்தில் அது மூவாயிரத்துக்கும் கீழே வந்தது. ராத்திரி எழுந்து விலை பார்க்கும் வியாதி வந்தது. பயந்து விற்றேன். நஷ்டத்துக்கு விற்றதிலும் டி.டி.எஸ். 27 ரூபாய் பிடித்தார்கள். அதைப் படிவத்தில் காட்டித் திரும்ப வாங்கினேன் என்பது வேறு விஷயம், கிளார்க் புத்தி போகாது. விற்காமல் வைத்திருந்தால் 2024 டிசம்பரில் லாபத்தில்தான் இருந்திருப்பேன். "பாத்தீங்களா அங்கிள்" என்பார் தம்பி. பார்த்தேன். வருஷத்துக்கு வருஷம் கொள்ளளவு மாறும் படியை வைத்து யாராவது அரிசி அளப்பார்களா? அது சரக்கு. ஏறும், இறங்கும். நம் மல்லாட்டை விலையும்தான் ஏறி இறங்குகிறது, அதற்காக அதைக் கொடுத்து டிக்கெட் வாங்க முடியாது.

செயினாலிசிஸ் பட்டியலும் இங்கேதான் வருகிறது. அவர்கள் எண்ணுவது கிரிப்டோ சந்தைகள் வழியாக எவ்வளவு மாறியது என்பதை, நாட்டின் மக்கள்தொகை, வாங்கும் சக்தி இவற்றோடு பொருத்தி. கோடிக்கணக்கான பிள்ளைகள் ஐந்நூறும் ஆயிரமுமாக வாங்கி விற்கிறார்கள். அதில் நாம் முதலிடம். எத்தனை பேர் அதைக் கொடுத்துப் பால் வாங்கினார்கள் என்று அந்தப் பட்டியல் எண்ணவில்லை.

பால் வாங்கும் கணக்கு வேறு இடத்தில் இருக்கிறது. யு.பி.ஐ. தொடங்கியது 2016 ஏப்ரலில். அதே நவம்பர் 8-இல் ஐந்நூறும் ஆயிரமும் செல்லாமல் போனதும், நானும் என் சகாக்களும் கவுண்டரில் பட்ட பாடும் உங்களுக்குத் தெரியும். 2025 ஆகஸ்டில் அந்த ஒரே மாதத்தில் யு.பி.ஐ. பரிமாற்றங்கள் 2,000 கோடியைத் தாண்டின. சராசரியாக நொடிக்கு 7,000-க்கும் மேல். பிட்காயின் பேரேட்டில் நொடிக்கு ஏழு போல எழுத முடியும். (அதன் மேல் வேகமாக ஓடும் வேறு ஏற்பாடுகள் உண்டு, அவை நம் பக்கம் வரவில்லை.) காகித நோட்டுக்கு ஐம்பது வருஷம் ஆன வேலை இதற்குப் பத்து வருஷத்துக்குள் முடிந்தது. ஏன் என்றால் இது புதுப் பணமே இல்லை. பழைய ரூபாய் போகப் புதுப் பாதை, அவ்வளவுதான். டீக்கடைக்காரருக்கு வந்த இருபது ரூபாயைப் பால்காரரும் வாங்குவார், மின்வாரியமும் வாங்கும். தவறான எண்ணுக்குப் போனால் புகார் சொல்ல ஒரு வங்கி இருக்கிறது. உடனே தீர்க்கிறார்களா என்று கேட்காதீர்கள், என் பழைய சகாக்கள் வருத்தப்படுவார்கள்.

ரிசர்வ் வங்கியே 2022 டிசம்பர் 1 முதல் டிஜிட்டல் ரூபாய் என்று ஒன்றை விட்டுப் பார்க்கிறது. முத்திரை உண்டு, கஜானா உண்டு, எல்லாம் உண்டு. 2025 மார்ச்சில் புழக்கத்தில் இருந்தது 1,016 கோடி ரூபாய்தான். நாட்டின் நோட்டுப் புழக்கத்தோடு ஒப்பிட்டால் கடலில் கரைத்த பெருங்காயம். ஆக, அரசு முத்திரை மட்டும் போதும் என்றும் சொல்லிவிட முடியாது. ஏற்கெனவே நன்றாக ஓடும் ஒன்றை விட்டு மாற ஜனங்களுக்குக் காரணம் வேண்டும்.

தவறு நடந்தால் யார் பதில் சொல்வது என்பதற்கு நம் சென்னையிலேயே ஒரு வழக்கு இருக்கிறது. காப்பு நிதி பற்றி முடிவு எடுக்கும் முன் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. சென்னையைச் சேர்ந்த ஒருவர் 2024 ஜனவரியில் வாசிர்எக்ஸ் என்ற சந்தை வழியாக 1,98,516 ரூபாய்க்கு எக்ஸ்.ஆர்.பி. என்ற கிரிப்டோவை வாங்கி அங்கேயே வைத்திருந்தார். ஜூலை 18 அன்று அந்தச் சந்தையிலிருந்து இணையத் திருடர்கள் சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள கிரிப்டோவைக் கொண்டுபோனார்கள். களவு போனது வேறு வகை. இவர் வைத்திருந்த எக்ஸ்.ஆர்.பி. அதில் இல்லை. ஆனாலும் எல்லோருடைய கணக்கும் முடக்கப்பட்டது. தாய் நிறுவனம் சிங்கப்பூரில் இருந்ததால் அங்கே கோர்ட்டில் ஒரு திட்டம் போட்டு, நஷ்டத்தை எல்லா வாடிக்கையாளரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்றார்கள். பக்கத்து வீட்டில் திருடு போனதற்கு என் பீரோவில் பங்கு கேட்பது போல. அவர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2025 அக்டோபர் 25 அன்று நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்பு சொன்னார். கிரிப்டோ கையால் தொடும் பொருள் அல்ல, நாணயமும் அல்ல. ஆனால் அது சொத்து. ஒருவர் அனுபவிக்கவும் வைத்திருக்கவும் கூடியது, இன்னொருவரிடம் நம்பிக்கையின் பேரில் ஒப்படைக்கக் கூடியது என்றார். அவருடைய பங்குக்கு இடைக்காலப் பாதுகாப்பும் கிடைத்தது.

வாடிக்கையாளருக்கு நல்ல தீர்ப்பு. நான் அதை இரண்டு முறை படித்தேன். ஆனால் அவர் தன் பொருளுக்குப் பாதுகாப்பு கேட்க ஒன்றேகால் வருஷமும் உயர் நீதிமன்றப் படியும் தேவைப்பட்டன. ஆர்பத்நாட்டில் போட்ட பென்ஷன்காரர் நின்ற இடத்துக்குக் கொஞ்சம் மேலே, காப்பீடு உள்ள டெபாசிட்தாரர் நிற்கும் இடத்துக்கு வெகு கீழே.

இனி தம்பி கேட்டதற்குப் பதில். தனி ஆள் தன் பணத்தில், போனால் போகட்டும் என்கிற அளவுக்குப் போட்டால் நான் யார் கேட்க. நம் காப்பு நிதி அப்படியல்ல. பத்து வருஷம் கழித்து லிஃப்ட் மாற்றவும் மொட்டை மாடி ஒழுகலை அடைக்கவும் வைத்த பணம். அந்த ஒப்பந்தக்காரர் ரூபாய்தான் கேட்பார், நாம் விற்க வேண்டிய வாரத்தில் விலை எங்கே இருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. சாவி எண்ணை யார் வைத்திருப்பது? செயலாளரா, பொருளாளரா? வருஷா வருஷம் நிர்வாகிகள் மாறுகிறார்கள். வங்கியில் இரண்டு கையெழுத்து, புது நிர்வாகி வந்தால் ஒரு தீர்மான நகல், வேலை முடிந்தது. இதில் எண் தொலைந்தால் மேனேஜர் இல்லை, ஓம்பட்ஸ்மன் இல்லை. அதனால் என் வாக்கு எதிர்வாக்கு.

ஆனால் தம்பிக்கு நான் நன்றி சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அவர் கிளப்பியதால்தான் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். மேலே ஞாபகத்தில் வைக்கச் சொன்ன 5 லட்சம் இங்கே வருகிறது. காப்பீடு ஒரு வங்கியில் ஒரு டெபாசிட்தாரருக்கு, அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைதான். நம் 14 லட்சமும் ஒரே வங்கியில், ஒரே பெயரில் இருக்கிறது. வங்கியில் காலம் கழித்த நானே நான்கு வருஷமாக வரவு செலவு அறிக்கையில் கையெழுத்துப் போட்டும் இதைக் கவனிக்கவில்லை. வட்டி சேர்ந்தாலும் வரம்பைத் தாண்டாதபடி, நான்கு வங்கிகளில் மூன்றரை லட்சமாகப் பிரித்து வைக்கலாம் என்பது என் யோசனை. முதிர்வுத் தேதிகள் ஒரே மாதத்தில் வராததால், ஒவ்வொன்றும் முடியும்போது மாற்றினால் அபராத வட்டியும் இல்லை.

அடுத்த பொதுக்குழு நிகழ்ச்சி நிரலில் இதை 4-ஆவது பொருளாகச் சேர்த்திருக்கிறார் செயலாளர். தம்பி தன் தரப்பை ஐந்து நிமிஷம் சொல்வார், பிறகு நான். டெபாசிட் ரசீதுகளின் நகல் அன்று மேஜையில் இருக்கும். முடிந்தவர்கள் வந்து பார்த்துவிட்டு வாக்களியுங்கள்.